கட்டுச்சோற்றின் கணக்கு

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்றொரு பழமொழி நம்மவரிடையே வழங்கி வருகின்றது. சொல்லைப் பற்றிய பாதியை ஆசிரியப் பெருமக்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன். சோற்றைப் பற்றிய பாதியே இன்று என் சிந்தைக்குரியது. பழமொழியைச் சொன்னவர் விடை வேண்டிக் கேட்டாரல்லர். நிலையாது என்பதை வற்புறுத்தவே கேட்டார். ஆயினும், பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு நெடுவழி போகும் எளிய குடும்பத்துக்கு அது மெய்யாகவே விடை வேண்டி நிற்கும் வினா. எந்தச் சோறு எத்தனை நாளைக்கு? எந்தக் கறி எத்தனை நாழிகைக்கு? இதற்கு விடை தெரிந்த வீட்டார் போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகின்றனர். தெரியாத வீட்டாருக்குக் கைப்பணமோ வயிறோ முதலிற் கெட்டுவிடுகின்றது, பாதியிலே திரும்புகின்றனர். இஃது என் ஊரிலே நான் கண்ட உண்மை.

என் ஊர் அரிப்பு. மன்னார்ப் பெருநிலக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் இருக்கும் மீனவர் ஊர். ஒரு காலத்தில் இவ்வூரின் பெயர் முத்து வாணிபம் அறிந்த தேசங்கள் எல்லாவற்றிலும் அறியப்பட்டிருந்தது. முத்துச் சலாபம் நடக்கும் பருவத்தில் இக்கரையோரத்து வெறும் மணலிலே ஒரு பட்டினமே எழும்பும். பருவம் முடிந்ததும் அது கலைந்து போகும். அதனைக் கண்காணிக்க ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த 'டொறிக்' மாளிகையைக் கடல் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கின்றது. அதனை எங்கள் ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். ஆளுநரின் பெயரை மறந்து, கூத்திலே கண்ட அரசியின் பெயரை இட்டுக்கொண்டது பொதுமக்களின் இயல்பான நீதி போலும்! அஃது எவ்வாறாயினும், வெளியூரார் சோறு கட்டிக்கொண்டு வந்த ஊராக இருந்த அரிப்பு, இன்று சோறு கட்டிக்கொண்டு வெளியூர் போகும் ஊராக இருக்கின்றது. பெரிய நோய் என்றால் கொழும்பு. பிள்ளையின் நேர்முகப் பரீட்சை என்றால் கொழும்பு. கடவுச்சீட்டு, காணி உறுதி, காணாமற் போனவரைப் பற்றிய விசாரணை என்றால் மன்னாரோ, வவுனியாவோ, அதற்கும் அப்பாலோ. உல்லாசத்துக்காக மட்டும் புறப்படும் குடும்பங்கள் எங்களிடையே சிலவே.

எங்கள் முன்னோருக்குப் பிரயாணம் என்றால் மடு யாத்திரைதான். ஆடியில் 2ஆம் நாளும் ஆவணியில் 15ஆம் நாளும் என்று அவர்கள் சொல்வது யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய திருநாள்களை. மாட்டு வண்டி கட்டி, முருங்கன் வழியாக, இடையிலே ஒரு மரத்தடியிற் படுத்தெழும்பிப் போன அந்தக் காலத்தை என் பெரியம்மா கண்முன் நிறுத்திச் சொல்வார். அவர் சொன்னவற்றுள் என் மனத்திற் பதிந்தது வழியின் அழகன்று, பெட்டிகள் வண்டியில் ஏறிய முறையே.

"மோனே, கடைசியாத் தின்னிறது வண்டியில முதல் ஏறவேணும். முதல் தின்னிறது கடைசியா ஏறவேணும்" என்பார்.

வண்டியின் அடியிலே அரிசிச் சாக்கு, உப்பு, செத்தல் மிளகாய், கருவாட்டுக் கடகம். அதன்மேல் பனாட்டும் புழுக்கொடியலும் பொரிவிளாங்காயும் நிறைந்த ஓலைப்பெட்டி. அதற்கும் மேல் வாழையிலையிற் பொதிந்த புளிச்சோறு. எல்லாவற்றுக்கும் மேலே, அன்று விடியற்காலையில் அவித்த புட்டும், அதற்குத் துணையாகத் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறுத்த சுறாவும். புட்டும் சுறா வறையும் வண்டி ஊரெல்லையைத் தாண்டிச் சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். அவற்றிலே தேங்காய் உண்டு. புளிச்சோறு அன்று பகலுக்கு. இரவு முதற்கொண்டு மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, உலையிட்டு, கருவாடு சுட்டு உண்பர். கோயில் வளவில் நாள்கணக்காகத் தங்கும் காலத்தில் பனாட்டும் பொரிவிளாங்காயும் பிள்ளைகளின் அழுகையை அடக்கும். ஈரம் உள்ளது முன்னே, ஈரம் அற்றது பின்னே. தேங்காய் முதலில், புளி அடுத்து, உப்பும் உலர்வும் கடைசியில். பள்ளிக்கூடம் காணாத பெண்கள் வகுத்த இந்த ஒழுங்கிலே ஒரு சாத்திரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இந்தச் சாத்திரம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வழிப்போக்கர்களுள் உலகப் புகழ் பெற்ற ஒருவன் இதனை நன்கு கற்றிருந்தான். றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1660இல் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிபட்டு, கண்டி நாட்டிலே ஏறத்தாழ 20 ஆண்டு கைதியாக வாழ்ந்தவன். தொப்பி பின்னி விற்று, பின்னர் சில்லறை வியாபாரியாக ஊரூராகத் திரிந்து, வழிகளை அறிந்துகொண்டான். 1679 செப்டெம்பர் 22ஆம் நாள் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழனுடன் புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு காட்டினூடே நடந்தான். மல்வத்து ஓயா என்பது வேறன்று, எங்கள் அருவியாறேதான். ஒக்ரோபர் 18ஆம் நாள் மாலை, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை இருவரும் அடைந்தனர்.

1681இல் இலண்டனில் வெளிவந்த தன் நூலிலே, அந்தக் காட்டு வழிக்குத் தாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்களை அவன் எண்ணி எழுதியிருக்கிறான். 10 நாளைக்கு வேண்டிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு சட்டி, நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுவை, மழைக்கு மேலே பிடிக்கத் தாளிப்பனை ஓலை, கொஞ்சம் சக்கரையும் பலகாரமும், வெற்றிலை, புகையிலை, முள்ளுக்குச் செருப்புத் தைக்க ஒரு மான் தோல். வீரதீரக் கதையாக நொக்ஸின் ஓட்டத்தைப் படிப்போர் இந்தப் பட்டியலைத் தாண்டிப் போய்விடுவர். எனக்கோ அந்த நூலிலே மிகுந்த அறிவுள்ள பகுதி இதுவே என்று தோன்றுகின்றது. காவலரை ஏமாற்றியது ஒருவேளை அதிர்ஷ்டமாக இருக்கலாம். 10 நாள் வயிற்றை ஏமாற்றாமல் காத்தது கணக்கு. இருவர் சுமக்கக்கூடியது எவ்வளவு, எது ஈரமின்றி நிற்கும், எதை வழியிலே வேகவைக்கலாம் என்று அவன் யோசித்திருக்கிறான். வழியிலே மரத்தடியிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணரைக் கண்டதாகவும் எழுதுகிறான். அவர்களும் வழிப்போக்கரே, அவர்களிடமும் ஓர் உலையும் அரிசியும் இருந்தன.

தமிழிலக்கியம் கற்றோருக்கு இது புதிதன்று. ஆற்றுப்படை நூல்களிலே வழி சொல்வது பாதி. வழியில் எந்த நிலத்தார் என்ன உணவு தருவர் என்பது மற்றப் பாதி. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்த திருநாவுக்கரசருக்கு இறைவனே அந்தண வடிவிற் பொதிசோறு கொண்டு வந்து காத்திருந்தான் என்று பெரியபுராணம் பாராட்டுகின்றது. தெய்வமே சோறு கட்டி வந்ததாகச் சொல்லும் நாட்டில், பஸ்ஸிலே பொதியை அவிழ்க்க நம்மவர் கூசுவது எனக்கு விளங்காத புதிர்.

இனி இக்காலத்துக்கு வருவோம். அரிப்பிலிருந்து கொழும்புக்குப் போக விரும்புவோர் முருங்கன், மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் என்று பெரிய வளைவு ஒன்றைச் சுற்ற வேண்டும். இரயிலை விரும்புவோருக்குத் தலைமன்னார்ப் பாதை 1990இல் அறுந்து, 2015இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. எவ்வழியிற் போனாலும் ஒரு பகலோ ஓர் இரவோ வழியிலே கழியும். அங்கே போய்ச் சேர்ந்த பின் தங்க வேண்டும். இலங்கைத் தமிழில் ஹோட்டல் என்றால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடை. தங்குமிடத்தை நாம் விடுதி என்றோ லொட்ஜ் என்றோ சொல்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லாற் குறிக்கும் ஊர்களிலே தங்குவதும் உண்பதும் ஒரே பணப்பையிலிருந்து போகும் போலும். எங்களுக்கு அவை இரண்டு செலவுகள். முதலாவதைத் தவிர்க்க முடியாது, இரண்டாவதைக் குறைக்க முடியும்.

நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிலே வைத்தியம் இலவசம். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு உணவும் உண்டு. ஆனால் நோயாளியோடு போனவருக்கும், படுக்கை கிடைக்குமுன் வெளியிலே காத்திருக்கும் நோயாளிக்கும் உணவு அவரவர் பொறுப்பு. இதை எழுத என்னைத் தூண்டியது எங்கள் அயலிலே நடந்த ஒரு சம்பவம். கடற்றொழிலாளி ஒருவர் தம் மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிச் சென்றார். பரிசோதனையின் முடிவு வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றனர். அவரிடம் திரும்பிவரப் பஸ் காசு இருந்தது. விடுதிக்கும் ஒருவாறு இருந்தது. இருவரும் இரண்டு நாள் கடையிலே உண்ணக் காசு இல்லை. திரும்பிவிட்டனர். மறுபடியும் கடலிற் போய்க் காசு சேர்த்துப் புறப்பட ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதம் அப்பெண்ணுக்கு என்ன செய்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நான்கு இறாத்தல் அவலும் ஒரு போத்தல் சம்பலும் கையிலிருந்திருந்தால் அவர்கள் அங்கே இருந்திருப்பார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். என் வீட்டார் ஐவர். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் தாயாரும். தாயாரின் கண் வைத்தியத்துக்காக நான்கு நாள் கொழும்பிலே தங்க நேர்ந்தபோது, பிள்ளைகளை விட்டுப் போக இடமில்லாமையால் அவர்களும் வந்தனர். சோற்றுப் பார்சல் ஒன்று 400 ரூபா என வைத்துக்கொள்வோம். ஐவருக்கு, பகலும் இரவும், நாளொன்றுக்கு 4,000. காலை உணவு தலைக்கு 200 என்றால் 1,000. தேநீர், வடை, பணிஸ் என்று இன்னும் 500. நாளொன்றுக்கு 5,500, நான்கு நாளைக்கு 22,000 ரூபா. மாரியிலே கடல் கொந்தளிக்கும் காலத்தில் எங்கள் ஊரிலே ஒரு மாதம் முழுவதும் இத்தொகையைக் காணாத வீடுகள் உண்டு.

நாங்கள் செய்தது இது. வீட்டிலிருந்து கொண்டுபோன பொருள்களுக்கு ஏறக்குறைய 3,000 ரூபா. கொழும்பிலே பாண், வாழைப்பழம், வெள்ளரிக்காய், தேநீர் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 500. ஒருநேரம் மட்டும் கடைச்சோறு. அதுவும் ஐவருக்கு மூன்று பார்சல். கொழும்புக் கடைக்காரர் பார்சலிலே கட்டும் சோறு வளர்ந்த ஒருவருக்கு அதிகம், பிள்ளையோடு பங்கிட்டால் அளவு. அந்த வகையில் நாளொன்றுக்கு 1,200. எல்லாம் கூட்டினால் நான்கு நாளைக்கு 9,800 ரூபா. மிஞ்சிய 12,200 ரூபாவிலே பஸ் கட்டணமும் விடுதிக் கூலியில் ஒரு பகுதியும் அடங்கின. பிள்ளைகள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையையும் கண்டனர். யானையை அவர்கள் மடு வீதியிலேயே கண்டிருக்கிறார்கள். அதனால் அதை நின்று பார்க்கவில்லை.

கொண்டுபோனவை எவை என்று இல்லத்தரசியர் கேட்பர். சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முதலிடம் சீனிச்சம்பலுக்கு. பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, எண்ணெயிலே சிறு தீயில், பொறுமை உள்ளவர் ஒருவர் அருகிலிருந்து கிளற, நிறம் மாறி நீர் முற்றாக வற்றும்வரை வதக்க வேண்டும். பிறகு மிளகாய்த்தூள், உப்பு, கெட்டிப் புளி, கறுவா, இடித்த மாசி, இறுதியிற் சீனி. எண்ணெய் பிரிந்து நிற்கும் பதத்திலே இறக்கி, ஆறவிட்டு, உலர்ந்த போத்தலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு வெங்காயத்தின் நீர் வற்றுமுன் இறக்கினால் மூன்றாம் நாள் புளித்துவிடும். பதமாக இறக்கினால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. உலர்ந்த கரண்டியைத் தவிர வேறு எதையும் உள்ளே விடக்கூடாது. பாணுக்கும் ரொட்டிக்கும் வெறுஞ்சோற்றுக்கும் இது ஒன்றே கறி.

அடுத்தது கருவாட்டுச் சம்பல். கருவாட்டைப் பொரித்தெடுத்துப் பொதியிலே வைத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றோட்டமான பழைய பஸ்ஸிலே அது நடந்தது. கண்ணாடி அடைத்துக் குளிரூட்டிய பஸ்ஸிலே அதனை அவிழ்த்தால், அரிப்பு மக்களின் நற்பெயர் புத்தளத்துக்கு இப்பால் நில்லாது! ஆகவே, முறுகப் பொரித்து, முள் நீக்கி, செத்தல் மிளகாய், உப்பு, கொஞ்சம் வறுத்த புளி சேர்த்து உரலில் இடித்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் அடைத்துவிட வேண்டும். தேங்காயும் பச்சை வெங்காயமும் சேரக் கூடாது. சேர்ந்தால் ருசி ஒரு பங்கு கூடும், ஆயுள் ஐந்து பங்கு குறையும்.

ரொட்டி விஷயத்திலும் இதே விதி. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி காலையிற் சுட்டால் மாலைக்குள் முடிய வேண்டும். கோதுமை மாவுடன் உப்பும் எண்ணெயும் மட்டும் சேர்த்து மெல்லியதாகச் சுட்டது மறுநாளும் உதவும். அவித்த முட்டையை ஓட்டோடு கொண்டுபோய் அன்றே உண்டுவிட வேண்டும்.

விடுதி அறையிலே பெரும்பாலும் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின் கேத்தல் ஒன்று இருக்கும். சிலர் அதற்குள் அரிசியும் முட்டையும் இட்டு விடுதிக்காரருடன் சண்டை பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். அது வேண்டியதில்லை. கொதிநீர் ஒன்றே போதும். அவலைக் கழுவி, அளவான கொதிநீர் விட்டு மூடி வைத்தால் மிக விரைவிற் காலை உணவு ஆயிற்று. பிள்ளைகளுக்குச் சீனியும் வாழைப்பழமும், பெரியோருக்குச் சம்பல். வறுத்துத் திரித்த அரிசிமாவும் பயற்றமாவும் கலந்த சத்துமாவை, வெந்நீர் விட்டுக் குழைத்து உருட்டிக் கொடுத்தால் பகற்பசி அடங்கும். என் தாயாருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஆகையால் அவருக்குரிய மா தனிப் பேணியிலே, இனிப்பின்றி. பனாட்டையும் அவர் கண்ணிற் படாமல் வைக்க வேண்டியிருந்தது. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். கண் வைத்தியம் பலித்தது என்று நாங்கள் சிரித்தோம்.

இப்போது புளிச்சோறு. பழைய வழிநடை உணவுகளுள் தலையாயது இதுவே. இதைப் பற்றியே எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்புப் புழுங்கலரிசியைக் குழையவிடாது வடித்து, சுளகிலோ பாயிலோ வாழையிலை விரித்து மெல்லியதாகப் பரப்புவர். ஆவி முற்றாகப் போன பின்னரே, நல்லெண்ணெயிற் காய்ச்சி இறுகிய புளியையும் உப்பையும் பிசறி, தீயில் வாட்டிய வாழையிலையிற் பொதிவர். சுடச்சுடக் கட்டினால் சோறு உள்ளேயே வியர்த்து நூல்விடும். இந்த வழக்கத்துக்கு விஞ்ஞானம் சொல்லும் காரணம் உண்டு. சோற்றிலே வாழும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டிலே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. பரப்பி விரைவில் ஆற்றுவதும், புளி சேர்ப்பதும், அந்த வளர்ச்சியைத் தடுப்பதற்கான உபாயங்களே. பெரியம்மா காலத்தார் மறுநாட் பகல் வரையும் அதனை உண்டனர். கட்டிய அன்றே அதனை முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மறுநாளைக்கு மிஞ்சியதை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் துணியேன். பெரியோரை மதிப்பது வேறு, வெயிலை மதிப்பது வேறு; இன்றைய பஸ்ஸின் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் வெப்பம் அன்றைய ஓலைக் கூண்டு வண்டியில் இருந்ததில்லை.

மீனைப் பற்றியும் மீனவ ஊரான் ஒருவன் சொல்லலாம். பொரித்த சூரையை வழிக்குக் கொண்டுபோவோர் உண்டு. பிடித்த மீன் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்திருந்தால், அதன் தசையிலே உண்டாகும் ஒருவகை நஞ்சு பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். எங்கள் கண்முன் படகிலிருந்து இறங்கிய மீன் என்றால் பயமில்லை. சந்தையிலே மாலையில் மலிவாகக் கிடைத்தது என்றால், வீட்டிலே குழம்பு வைக்கவும் வேண்டாம், வழிக்குப் பொரிக்கவும் வேண்டாம்.

காய்ச்சி ஆறிய நீர் தலைக்கு ஒரு போத்தல், இரண்டு ஜீவனிப் பொட்டலம், ஒரு கத்தி, கொஞ்சம் உப்பு, பழைய பத்திரிகைத் தாள். இவற்றோடு எங்கள் மூட்டை முடிந்தது.

உணவைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று இருந்தது, அது வெட்கம். விடுதியின் கீழ்மாடியிலே சாப்பாட்டு மேசைகள் இருந்தன. அங்கே பொதியை அவிழ்க்க என் தாயார் உடன்படவில்லை. "கடையில வாங்கேலாத சனம் எண்டு நினைப்பினம், தம்பி" என்றார். அதிலே பொய்யொன்றுமில்லை, வாங்க இயலாத சனந்தான் நாங்கள். 2022இல் நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. அதன் பின் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலைகள் பழைய படிக்கு இறங்கவில்லை. அந்த மேசைகளில் இருந்தவருட் பலரும் தம் பையிலே கையை விட்டு விட்டுப் பார்த்தே உத்தரவு கொடுத்தனர். என் தாயார் இரண்டு நாள் அறைக்குள்ளேயே உண்டார். மூன்றாம் நாள், விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் தண்ணீர் கொடுக்க வந்தவர், கருவாட்டுச் சம்பலின் வாசனை பிடித்து, வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்சம் பாணிலே வைத்துக் கொடுத்தோம். அன்று மாலை அவரே எங்களைக் கீழே அழைத்து, ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்தார். தாயார் போனார், ஆனால் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தார்.

பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் கடையிலே கொத்து ரொட்டி தட்டும் ஓசை ஒரு சங்கீதம். எல்லாவற்றையும் மறுத்துவிட்டுப் பிரயாணம் செய்வது பிரயாணமன்று, தண்டனை. ஆகையால் ஒரு நாள் மாலை இரண்டு கொத்து ரொட்டி வாங்கி நால்வராகப் பங்கிட்டோம். அதற்கும் என் கணக்கிலே இடமிருந்தது. அன்றைக்குக் கடைச்சோறு இல்லை. சிக்கனம் செய்யும் தந்தையர் இந்த ஒரு விட்டுக்கொடுப்பைச் செய்யாவிட்டால், அடுத்த பிரயாணத்துக்குப் பொதியை யாரும் தூக்கமாட்டார்கள்.

இந்தக் கட்டுச்சோற்றுக் கலை எங்கள் பெண்களிடம் அழியாது நின்றதற்குத் திருநாள்கள் மட்டும் காரணமல்ல. 1990இல் மடு யாத்திரைத் தலமே அகதிகளின் முகாமாயிற்று. 2007 செப்டெம்பரில் எங்கள் ஊரார் மீண்டும் வெளியேற நேர்ந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ண நேரமில்லாத அந்த நாள்களில், நகைப்பெட்டியை மறந்து மாப்பேணியை எடுத்து வந்த பெண்களை எனக்குத் தெரியும். காணி உறுதியை விட்டு வந்ததற்காக அவர்களைப் பின்னாளிற் குறை சொன்ன ஆண்களும் வழியிலே அந்த மாவைத்தான் உண்டனர்.

சென்ற கிழமை, நான் மேலே சொன்ன அந்த அயல்வீட்டார் மீண்டும் கொழும்புக்குப் புறப்பட்டனர். இம்முறை அறுவைச் சிகிச்சை. பத்து நாளாவது ஆகும் என்றனர். முதல்நாள் மாலை அவர்கள் முற்றத்திலே மூன்று வீட்டுப் பெண்கள் கூடியிருந்தனர். ஒருவர் வெங்காயம் அரிய, ஒருவர் மா வறுக்க, என் மனைவி போத்தல்களை வெந்நீரிற் கழுவி வெயிலிலே கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா திண்ணையிலிருந்தபடி, அவலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பையின் மேலே என்றனர். "எடு பிள்ளை, எடு. அது அடியில போகவேணும்" என்று சொல்லி, பை முழுவதையும் கொட்டி மறுபடியும் அடுக்குவித்தார்.